வண்டி போவுதுங்க, மாப்பிள்ளை

“ஏனுங்க மாப்பிள்ளை... வண்டி போவுதுங்க.”

இந்த நான்கு சொற்களை என் மாமியார் சொன்ன தொனியை எழுத்தில் காட்ட முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம். காபி ஆறிப்போகிறது என்று சொல்வாரே, அதே தொனி. பதற்றம் கிடையாது, குற்றச்சாட்டு கிடையாது. ஒரு தகவல், அவ்வளவுதான்.

மலைக்கோயில் அடிவாரத்தில், பூக்கடை முன்னால், கையில் துளசி மாலையோடு நின்றிருந்த நான் திரும்பிப் பார்த்தேன்.

என் ஜீப் பின்பக்கமாக இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டுகிற இடத்தில் ஆளில்லை. எப்படி இருக்கும்? ஓட்டுகிறவன்தான் மாலைக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கிறானே. பக்கத்து இருக்கையில் அத்தை மட்டும். மடியில் தூக்குப்போசி, அதற்குள் சாமிக்குச் செய்த சர்க்கரைப் பொங்கல். வலது கை போசியின் மேல். இடது கை கதவோரம். போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் போல அசையாமல், என்னையே பார்த்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாகிக்கொண்டே போனார்.

என்ஜின் அணைந்திருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. முதல் கியரில் போட்டிருந்தேன். கை பிரேக்கை நரம்பு புடைக்க இழுத்துவிட்டிருந்தேன். ஒரு வண்டி நகராமல் இருக்க மனிதப் பிறவி செய்யக்கூடிய அனைத்தையும் செய்திருந்தேன். ஆனாலும் அது போனது.

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்து, பம்ப்செட் மூடி கடைந்து பிழைக்கிறவன் நான். இரும்பின் குணம் எனக்குத் தெரியும் என்று நாலு பேரிடம் சொல்லித் திரிகிறவன். அந்த நிமிடத்தில் என் தொழில் அறிவு என்ன செய்தது தெரியுமா? ஓடிப் போய் ஜீப்பின் முன் பம்பரைப் பிடித்து இழுத்தேன். கயிறு அறுத்த கன்றுக்குட்டியைப் பிடிப்பது போல. ஜீப் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது.

“அத்தை! பிரேக்கு! பிரேக்கை மிதிங்க!”

“எதுங்க மாப்பிள்ளை?”

“நடுவுல! நடுவுல இருக்கறது!”

“நான் உங்க பக்கம் காலை வெக்கலாங்களா?”

அனுமதி கேட்கிறார்! நான் அனுமதி தருவதற்குள் செருப்பு வழுக்கிக் குப்புற விழுந்தேன். மாலை பறந்துபோய் ஜீப்பின் மூக்கில் விழுந்தது. பெருமாளுக்கு வாங்கிய மாலையைப் போட்டுக்கொண்டு, மணமகன் போல ஜீப் பின்னோக்கி நடந்து, சரிவின் ஓரத்தில் குவித்திருந்த இளநீர்க் குவியலில் முதுகைக் கொடுத்து நின்றது. இளநீர்கள் நாலாபக்கமும் உருண்டன. ஒன்று என்னைத் தாண்டிப் போனது.

இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, என்னை நிதானமாகப் பார்த்தார்.

“ஏனுங்க, இளநிதானே வேணும்? கேட்டிருந்தா வெட்டிக் குடுத்திருப்பனுங்கல்ல?”

அத்தைக்கு ஒரு கீறல் இல்லை. பொங்கல்கூட சிந்தவில்லை. “உங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே மாப்பிள்ளை?” என்றார். கூடிய கூட்டம் எனக்குத்தான் சோடா உடைத்துக் கொடுத்தது. உருண்டவர் அவர், சோடா குடித்தவன் நான்.

வீட்டில் கிடைத்த தீர்ப்பு

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன். இது நடந்து இரண்டு மூன்று புரட்டாசி ஆகியிருக்கும்.

அத்தை ஒவ்வொரு புரட்டாசிச் சனிக்கிழமையும் மலைக்கோயிலுக்குப் போகிறவர். முன்பெல்லாம் நடந்தே ஏறுவார். மாமனார் காலமான பிறகு எங்களோடு வந்து தங்கியபோது, நான் பெருந்தன்மையாக, “இனி நம்ம ஜீப்புலயே போலாங்க அத்தை” என்று அறிவித்தேன். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற ஜீப் அது. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம், பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தொட்டி. நான்கு சக்கரமும் இழுக்கும் ரகம். கோயிலுக்குப் போகும் மண் தடத்துக்கு அப்படிப்பட்ட வண்டிதான் ஆகும்.

மலைக்கு அத்தை இல்லாமல் நான் போனதே கிடையாது. எனக்கும் சாமிக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாம் அத்தை மூலமாகத்தான்.

இது நடப்பதற்கு முந்திய ஒன்றிரண்டு வருடங்களாக அவருக்கு வலது முட்டியில் வலி. எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். டாக்டர் முட்டியின் வெளிப்பக்கம் ஒரு இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். “இங்க மட்டும் வீங்கியிருக்கு. எங்கேயாவது இடிச்சுக்கிட்டீங்களாம்மா?”

“ஒண்ணுமில்லீங்க டாக்டர். வயசாகுதுங்கல்ல?”

“இடது முட்டிக்கும் அதே வயசுதானுங்களே அத்தை?” என்றேன் நான். டாக்டர் சிரித்தார். அத்தையும் சிரித்தார். என் நகைச்சுவை எடுபட்ட மகிழ்ச்சியில் நான் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டேன்.

அந்த முட்டியோடு இனி மலை ஏறி நடக்க முடியாது. புரட்டாசிச் சனியில் ஓடும் வாடகை ஜீப்புகளிலோ ஆட்களை அடைத்து ஏற்றுவார்கள், பாதிப் பேர் நின்றுகொண்டுதான் போக வேண்டும். அத்தைக்கும் சாமிக்கும் நடுவில் இருந்த ஒரே வழி என் ஜீப்தான்.

அந்த ஜீப்தான் இளநீர்க் குவியலில் முட்டிக்கொண்டு நின்றது. அன்று மலை ஏறவில்லை. அத்தையையும் என்னையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள்.

வீட்டில் கலா, என் மனைவி, முழுக்கதையையும் கேட்டாள்.

“கியர்ல போட்டீங்களா?”

“போட்டேன் கலா.”

“பிரேக்கு?”

“போட்டேன் கலா.”

“அப்ப வண்டி என்ன, கோவிச்சுக்கிட்டுப் போச்சுங்களா?” என்றாள். “வர்ற சனிக்கிழமை கடைசிச் சனி. அதுக்குள்ள என்ன காரணம்னு கண்டுபுடிங்க. இல்லாட்டி பழைய இரும்புக் கடைக்குப் போட்டுட்டு வாங்க. காரணம் தெரியாத வண்டியில எங்கம்மாவை நான் ஏத்த மாட்டனுங்க.”

இது நியாயம்தான். என்னைக் குத்தியது அத்தை சொன்னதுதான்.

“இந்த வாட்டி வேண்டாங்க மாப்பிள்ளை. இனிமேலும் வேண்டாங்க. சாமியை இங்கிருந்தே கும்புட்டுக்கறேன்.”

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். அத்தனை வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவருக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது. அன்று நான் இரண்டு தோசையோடு நிறுத்திக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும்.

தரகர் வேலை பார்க்கும் பெட்டி

ஜீப்பை யூசுப் பாயின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். பாய் உக்கடத்தில் பிறந்து வளர்ந்தவர். அடக்கம் என்பது எந்த வண்டியின் உதிரிபாகம் என்று கேட்கக்கூடியவர்.

“கோயமுத்தூர்ல ஜீப்புன்னா ரெண்டே பேருங்ணா. ஒண்ணு நானு. இன்னொருத்தரு என்ற கிட்ட வேலை கத்துக்கிட்டவரு.”

நடந்ததைச் சொன்னேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கியர்ல போட்டதா நெனச்சிருப்பீங்க.”

நான் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை. முதல் நாள் முழுக்கப் பெரிய கியர் பெட்டியைத் திறந்து குடைந்தார். ஒன்றும் அகப்படவில்லை. “ஒண்ணுமில்லைன்னு கண்டுபுடிக்கறதும் வேலைதானுங்ணா” என்று கையைத் துடைத்தார்.

மறுநாள், பட்டறை வாசல் சரிவில் ஜீப்பைக் கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லை வைத்துவிட்டு, பாய் உள்ளே ஏறினார். ஏறும்போது அவர் கால் தெரியாமல் ஒரு குட்டிக் கம்பியில் பட்டது. பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, லேசாக உரசியது. ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஜீப் நகர்ந்தது.

பாய் ஒரு பக்கம் குதித்தார், நான் ஒரு பக்கம் குதித்தேன். இரண்டு பேரும் ஒரே சுருதியில் அலறினோம். ஜீப் அந்தக் கல்லில் இடித்து நின்றது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்ற பாய், மெல்லச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அதைத்தான் சோதிச்சுப் பாத்தனுங்ணா.”

அந்தக் குட்டிக் கம்பிதான் இந்தக் கதையின் வில்லன். இந்த மாதிரி ஜீப்பில் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் குட்டிக் கம்பிகள் இருக்கும். அவை கியர் பெட்டிக்குப் பின்னால் உள்ள இன்னொரு பெட்டியை இயக்குபவை. டிரான்ஸ்ஃபர் கேஸ் என்பார்கள். என்ஜினின் பலத்தை வாங்கி முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் தரகர். கம்பி அதன் இடத்தில் இருக்கும்வரை தரகர் வேலை பார்ப்பார். அது நழுவி நடுவில் வந்துவிட்டால் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அதன் பிறகு என்ஜின் வீட்டுக்கும் சக்கரத்து வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. நீங்கள் முதல் கியரில் போட்டிருந்தாலும் சரி, மூன்றாவதில் போட்டிருந்தாலும் சரி, வண்டி தள்ளுவண்டிதான்.

“அப்ப கை பிரேக்கு என்னாச்சுங்க பாய்?”

இந்தப் பழைய ஜீப்பில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை, அந்தத் தரகர் பெட்டியின் பின்புறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாய் படுத்து உள்ளே போய் அதன் மூடியைக் கழற்றினார். உள்ளே எண்ணெய். பெட்டியிலிருந்து கசிந்து கசிந்து, பிரேக் கட்டையெல்லாம் பஜ்ஜி போல ஊறிக் கிடந்தது.

“இதுல எங்கிருந்துங்ணா பிரேக்கு புடிக்கும்? இது நேத்து இன்னிக்கு ஒழுகுனது இல்ல. வண்டி நிறுத்துற எடத்துலெல்லாம் எண்ணெய் சொட்டியிருக்குமே. யாருமே சொல்லலீங்களா?”

யாருமே சொல்லவில்லை.

சோமனூர் சாக்கு

அப்போதுதான் சோமனூர் ஞாபகம் வந்தது. அங்கே கலாவின் சித்தப்பா தறி ஓட்டுகிறார். எப்போது போனாலும், வாசலில் நான் ஜீப்பை நிறுத்தி, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி நலம் விசாரித்து, டீ குடித்து முடித்து வெளியே வந்தால், ஜீப்பின் வயிற்றுக்கடியில் ஒரு சாக்கு விரித்திருக்கும்.

அதை ஒரு மரியாதை என்று நினைத்திருந்தேன். வீட்டு மருமகன் வண்டி அல்லவா!

பட்டறையிலிருந்தே போன் போட்டேன். “ஏனுங்க மாமா, என்ற ஜீப்பு உங்க வாசல்ல எண்ணெய் ஒழுக்குதுங்களா?”

“சேச்சே! அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை.”

“அப்ப சாக்கு?”

“அது... சும்மா, தூசு ஆகாம இருக்கட்டும்னுதானுங்க.”

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து பேசுவார்கள். அதற்குள் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் அதன் ஆபத்து தெரியும். அதிலும் மருமகன் என்றால் கேட்கவே வேண்டாம். அவன் வண்டி ஒழுகாது, அவன் பாட்டு சுருதி தப்பாது, அவன் சொல்லும் ஜோக் பழையதாகாது.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு விருந்தில் ஒரு ஜோக் சொன்னேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மறந்துபோய் மறுநாளும் சொன்னேன். சிரித்தார். அடுத்த மாதம் மூன்றாவது முறையாகச் சொல்லும்போது பாதியில் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது, ஆனால் அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் போக ஆரம்பித்த பிறகு, மலைத் தடத்தில் போகும்போதும் வரும்போதும் அவருக்கு நான் கதை சொல்லாத நாளில்லை. அப்படி ஒரு ரசிகையை விட யாருக்கு மனசு வரும்?

அந்தப் பக்கத்து இருக்கை

“கால் பட்டு நழுவுச்சு, சரிங்ணா” என்றார் பாய். “ஆனா தானா நழுவுதான்னு பாக்கோணும். மலைக்கு விடுங்க வண்டியை.”

பிரேக் கட்டைகளைக் கழுவிக் காயவைத்து மாட்டினார். அவர் ஓட்ட, நான் பக்கத்தில். என் ஜீப்பில் நான் அந்த இருக்கையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அது அத்தை இடம். நான் ஏறியதும் பாய் சுற்றி வந்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு கயிற்றை எடுத்துக் கதவைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். மெக்கானிக்குகளுக்கு எதையாவது கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

குட்டிக் கம்பியின் தலையில் ஒரு பச்சைத் துணி சுற்றியிருந்தது. அத்தை கட்டியது. ஏதோ வேண்டுதல். புரட்டாசிக்குப் புரட்டாசி துணி மாறும். பாய் அதைத் தொடவில்லை. “சாமி காரியம், இருக்கட்டுங்ணா.”

ஏறும்போது ஒன்றுமில்லை. என்ஜின் இழுக்கும்போது உள்ளே பற்கள் இறுகப் பிடித்துக்கொள்ளுமாம். இறக்கத்தில்தான் பிடி தளரும். இறங்க ஆரம்பித்தோம். முதல் திருப்பத்தில் பாய் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தார்.

டொக்.

கம்பி தானாகப் பின்னால் சாய்ந்தது. என்ஜின் பிடி விட்டு, வண்டி ‘ஊ’வென்று பாய்ந்தது. எனக்குப் பெருமாள், முருகன், குலதெய்வம் எல்லோரும் ஒரே பெயராக வாயில் வந்தார்கள். பாய் கால் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். கம்பியைப் பழைய இடத்தில் போட்டார். அடுத்த திருப்பம். டொக். அதற்கடுத்தது. டொக்.

பாயின் முகத்தில் முதல் தடவையாகத் தற்பெருமை இல்லை.

“ஏனுங்ணா, இந்த வண்டியிலயா வாரா வாரம் அம்மாவை ஏத்திட்டு எறங்குனீங்க?”

“ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லீங்க பாய். சத்தியமா.”

“ஆகாம இருக்க வழியே இல்லீங்ணா. இது வருசக்கணக்கான பழுது.”

நடக்கும்போது பயப்படுவது ஒரு வகை. நடந்து முடிந்த பத்துப் பன்னிரண்டு புரட்டாசிக்கும் சேர்த்து, முன் தேதியிட்டுப் பயப்படுவது இன்னொரு வகை. ஒவ்வொரு திருப்பத்தையும் பார்க்கிறேன், பள்ளத்தைப் பார்க்கிறேன். இங்கேதான் ஒரு மளிகைக்கடை ஜோக் சொன்னேன். இங்கேதான் ஸ்டியரிங்கை விட்டுக் கைதட்டிச் சிரித்தேன். எந்தச் சாமி பிடித்து நிறுத்தியது?

“கீழ போய்ச் சேரோணும்ல” என்றார் பாய். “உங்க முட்டியை அந்தக் கம்பிக்குப் பின்னால வெச்சு அழுத்திப் புடிங்க. நழுவாம இருக்கும்.”

வலது முட்டியைக் கொண்டுபோய் வைத்தேன்.

அப்போதுதான் அந்தப் பச்சைத் துணி என் முட்டியில் பட்டது. மெத்தென்று இருந்தது. விரலால் அமுக்கிப் பார்த்தேன். உள்ளே பஞ்சு. வேண்டுதலுக்கு எதற்கு இவ்வளவு பஞ்சு? அதுவும் கம்பியைச் சுற்றி நாலாபக்கமும் இல்லை. முட்டி படுகிற பக்கம் மட்டும்.

அடுத்த திருப்பத்தில் கம்பி என் முட்டியை இடித்தது. அதற்கடுத்ததில் இன்னும் பலமாக. பஞ்சைத் தாண்டி எலும்பில் பட்டது. நான் பல்லைக் கடித்தேன். பாய் ஏதோ கேட்டார், என் காதில் விழவில்லை.

அடிவாரத்தில் இறங்கி வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கிப் பார்த்தேன். வலது முட்டி. வெளிப்பக்கம். எலும்பு டாக்டர் பேனாவால் வட்டம் போட்டாரே, அதே இடம். சிவந்து புடைத்திருந்தது.

இளநீர்க்காரர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்து, குவியலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

உப்பு ஒத்தடம்

வீட்டுக்குப் போனபோது அத்தை கட்டிலில் காலை நீட்டி, துணியில் கட்டிய சூடான உப்பை முட்டியில் ஒற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காலை மடக்கப் பார்த்தார்.

“அத்தை, அந்தக் குட்டிக் கம்பியில கட்டியிருக்கறீங்களே, அது என்ன வேண்டுதலுங்க?”

“அது... சும்மாதானுங்க மாப்பிள்ளை.”

நான் வேட்டியைக் கொஞ்சம் தூக்கி என் முட்டியைக் காட்டினேன்.

அத்தை பார்த்தார். கையிலிருந்த உப்பு மூட்டையை என்னிடம் நீட்டினார். “சூடு இருக்குதுங்க. நீங்க வெச்சுக்கோங்க.”

“எத்தனை வருசமாங்க அத்தை?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நம்ம ஜீப்புல போக ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயேங்க. எறங்கறப்ப அந்தக் கம்பி தானா பின்னால வந்துச்சு. வண்டி வெசயாப் போச்சுங்க. நீங்க கதை சொல்லிட்டு வந்தீங்க. நடுவுல பேசுனா நல்லா இருக்காதுங்களே. காலை வெச்சுத் தள்ளுனேன். கரகரன்னு ஒரு சத்தம் வந்து நின்னுக்கிச்சு.”

அந்தக் கரகர சத்தம் எனக்குத் தெரியும். “பாத்தீங்களா அத்தை, என் ஜோக்குக்கு ஜீப்பே சிரிக்குது” என்று நான் சொல்லியிருக்கிறேன்.

“சரி, பக்கத்துல உக்கார்றவங்கதான் அதைப் புடிச்சுக்கோணும் போலிருக்குதுன்னு நெனச்சுப்போட்டனுங்க. மலை வண்டியெல்லாம் அப்படித்தான்னு.”

கலா வாசற்படியில் கையில் கரண்டியோடு நின்றுவிட்டாள். “ஏம்மா, எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?”

“மாப்பிள்ளை வண்டியைப் பத்தி என்னத்தக் கண்ணு சொல்றது?” என்றார் அத்தை. பிறகு குரல் இறங்கியது. “அன்னிக்கு எடம் கெடைக்காம சரிவுல நிறுத்துனீங்க. நிறுத்திட்டீங்களேன்னு காலை எடுத்துப்போட்டனுங்க. தப்பு என்மேலதானுங்க மாப்பிள்ளை. அதுதான் இனி வேண்டாம்னேன். முட்டி முன்னமாதிரி தாங்கறதில்லீங்க. மறுக்கா விட்டுப்போட்டு, உங்களுக்கு ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா?”

அவருக்கு என்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நான் தோசையைக் குறைத்தேன். அவரோ தன் முட்டிமேல் நம்பிக்கை போய், சாமியையே வேண்டாம் என்றிருக்கிறார்.

எதற்கும் ஒரு கிண்டல் கைவசம் வைத்திருப்பவன் நான். அன்று துழாவிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. உப்பு மூட்டையை வாங்கி அவர் முட்டியிலேயே திரும்ப வைத்தேன். அவர் கூச்சத்தில் “ஐயோ, விடுங்க மாப்பிள்ளை, விடுங்க” என்றார்.

கடைசிச் சனி

வெள்ளிக்கிழமை பாய் அந்தப் பெட்டியைப் பிரித்தார். குட்டிக் கம்பியை அதனிடத்தில் பிடித்து வைப்பதற்கு உள்ளே பட்டாணி அளவில் ஒரு இரும்புக் குண்டு, அதை அழுத்திக்கொண்டு ஒரு சின்ன ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் இரண்டாக உடைந்து, உடைந்த முனைகூடத் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. பாய் அதை என் கையில் போட்டார். புது ஸ்பிரிங், புதுக் குண்டு, தேய்ந்த பல்லுக்கு மாற்றுப் பல், எண்ணெய் ஒழுகாமல் இருக்கப் புது ரப்பர் வளையம், புதுப் பிரேக் கட்டை. மலைக்குக் கொண்டுபோய் எல்லாத் திருப்பத்திலும் இறக்கிப் பார்த்தோம். கம்பி அசையவில்லை. அதன் பிறகுதான் கலா தலையசைத்தாள்.

உடைந்த ஸ்பிரிங்கை அத்தையிடம் காட்டினேன். “இது செய்ய வேண்டிய வேலையைத்தானுங்க அத்தை இத்தனை வருசமா நீங்க செஞ்சுட்டு இருந்தீங்க.”

அவர் அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இவ்வளவூண்டுதானுங்களா?”

சனிக்கிழமை காலை கிளம்பினோம். கலா பின்னால் தொட்டியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்துகொண்டாள். அத்தை அவர் இடத்தில், மடியில் தூக்குப்போசியோடு. அடிவாரத்தில் எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் இளநீர்க்காரர் எழுந்து நின்றார். நான் சமதளமாகப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அதன் பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மாலை வாங்கினேன்.

மேலே தரிசனம் நன்றாக ஆயிற்று. அத்தை கண்மூடி வெகுநேரம் நின்றார்.

இறக்கம். முதல் திருப்பத்தில் நான் காலை எடுத்தபோது, ஓரக்கண்ணால் பார்த்தேன். அத்தையின் வலது முட்டி மெல்ல நகர்ந்து குட்டிக் கம்பிக்குப் பின்னால் போய் நின்றிருந்தது.

“அத்தை, இனி அது தானா நிக்குங்க. காலை எடுத்துக்கோங்க.”

“சரிங்க மாப்பிள்ளை.” எடுத்தார்.

இரண்டாவது திருப்பம். கம்பி அசையவில்லை. மூன்றாவது. அசையவில்லை. முட்டி வருவதும், ஞாபகம் வந்து விலகுவதுமாக இருந்தது. நான் முதல் தடவையாக அந்தத் தடத்தில் கதை சொல்லாமல், சாலையைப் பார்த்து ஓட்டினேன். ஐந்தாவது திருப்பத்தில் அத்தை காலை நன்றாக நீட்டி, பெருமூச்சு விட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அந்த இருக்கையில் அவர் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

அதை நன்றாகப் பார்க்கலாம் என்று அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பியபோதுதான் அந்த இடது கை கண்ணில் பட்டது.

முந்தானைக்கு அடியில், கதவின் கைப்பிடியைச் சுற்றி, விரல் மூட்டுகள் வெளுக்கும் அளவுக்கு இறுகப் பிடித்திருந்தது.

எனக்குப் பாயின் கயிறு ஞாபகம் வந்தது.

“அத்தை... இடது கையில என்னங்க புடிச்சிருக்கறீங்க?”

“ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை. நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.”

ஓரம் கட்டினேன். கல் வைத்தேன். சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய், “இப்ப கையை எடுங்க அத்தை” என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பின்னாலிருந்த மகளை ஒரு முறை பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலாகக் கையை எடுத்தார்.

கதவு எந்த அவசரமும் இல்லாமல், வெகு மரியாதையாக, முழுசாகத் திறந்துகொண்டு பள்ளத்தின் பக்கம் போய் நின்றது.